மாதவச் சிவஞான முனிவர் சரிதமும் வாதநெறியும்

பொருளுண்மை காண விழைவார் இருதிறத்தால் இடர்ப்படுதல் உலகியலிற் கண்கூடு. ஒருசாரார், எதிர்நின்றாரை வாயடங்கச் செய்தலே மெய்ம்மையை நாட்டுதலாம் என மயங்கித் தருக்கத்தைப் படைக்கலமாகவே கொள்வர். மற்றொருசாரார், தருக்கம் உலர்ந்த நூல், அன்புநெறிக்கு மாறுபட்டது, அதனைத் தீண்டாதிருத்தலே தூய்மை எனக் கருதித், தாம் கொண்ட கொள்கைக்கு ஏது யாதென வினவுவார்முன் விடையின்றி நிற்பர். இவ்விருதிறத்தார்க்கும் ஒருங்கே மருந்தாவது திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவரின் திருச்சரிதமாம். கண்டன நூல்கள் பலவற்றை அவர் இயற்றினார் என்பது சைவவுலகம் நன்கறிந்ததே. எனினும், அவர் வென்றார் என்னும் அளவில் மகிழ்ந்து அமைவார் அவர்தம் பெருமையிற் பாதியே அறிந்தவராவர். எம்முறையான் வாதித்தார், எக்கருவியை யாண்டுப் பெற்றார், யாரை மறுத்தார், மறுக்குமிடத்து எதனைக் காத்துக்கொண்டார் என்பவற்றை அவர்தம் வரலாற்றோடு இயைத்து நோக்குதலே ஈண்டு நாம் மேற்கொண்டது.

பொருநை பாயும் திருநெல்வேலி நாட்டிற் பாபநாசத்திற்கு அணித்தாகவுள்ள விக்கிரமசிங்கபுரம் என்னும் ஊரே முனிவர் தோன்றிய தலம். பதினெட்டாம் நூற்றாண்டிற் சைவவேளாளர் மரபில், ஆனந்தக்கூத்தர் என்பார்க்கும் மயிலம்மையார்க்கும் மைந்தராய்ப் பிறந்தருளினார். பெற்றோர் இட்ட பெயர் முக்களாலிங்கர் என்பது. ஐயாண்டு நிரம்பிய இளம்பருவத்தில் ஒருநாள், திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவியர் சிலர் அவ்வூர் வழியே செல்லக் கண்டு, தந்தையார் இல்லத்தில் இல்லாத பொழுதும் அவர்களை அழைத்துவந்து அன்னையாரைக் கொண்டு அமுது செய்வித்தார் என்றும், அன்னையின் விருந்தோம்பற் சிறப்பைப் புகழ்ந்து அப்பொழுதே ஒரு பாடல் பாடினார் என்றும் சரிதமுடையார் கூறுவர். அத்துறவியரைப் பிரிய மனமில்லாத பிள்ளையை, அவர்தம் பக்குவமறிந்த பெற்றோர் விடைகொடுத்து அனுப்பினர். பின்வேலப்ப தேசிகர் அப்பிள்ளைக்குத் தீக்கை செய்து, துறவு நல்கிச், சிவஞானம் என்னும் திருப்பெயரும் அளித்தனர்.

திருமடத்தில் அவர் கற்றவை மூன்று கூறின. தமிழிலக்கண இலக்கியங்கள் ஒன்று. வடமொழி வேதாகமக் கலைகள் ஒன்று. மெய்கண்ட சாத்திரங்கள் ஒன்று. இம்மூன்றையும் இணைக்கும் கயிறாக நின்றது தருக்கநூற் பயிற்சி. அஃதின்றேல் இலக்கணத்திற் சூத்திரப் பொருளை வரையறுத்தலும், வடநூலிற் பூருவபக்கத்தையும் சித்தாந்தத்தையும் பிரித்தறிதலும், சாத்திரத்தில் ஏதுவின் வலியை அளத்தலும் கைகூடா. பிற்காலத்து அவர் செய்த நூல்கள் யாவற்றிலும் இக்கயிறு ஓடுதலைக் காணலாம்.

தாம் பெற்ற கருவியை மறைத்துவைத்துப் பிறரை வெல்லுதல் முனிவர்தம் இயல்பன்று. அன்னம்பட்டர் வடமொழியிற் செய்த தருக்கசங்கிரகத்தையும், அதற்கு அவரே இயற்றிய தீபிகை என்னும் உரையையும் தமிழில் மொழிபெயர்த்துத் தமிழ்மட்டும் வல்லாரும் அளவைநூலின் வாயிலிற் புகுமாறு செய்தருளினார். இதன்கண் ஒரு நுட்பம் உளது. முனிவர் தம் மாபாடியத்திற் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் அறுவகை காட்டி, இருபத்துநான்காக வகுப்பார். அப்பகுப்பில் தருக்கமதம் புறச்சமயத்துள் வைத்து எண்ணப்பட்டது. வீட்டின்கண் உயிர் அறிவுமுதலிய குணங்கள் ஒழிந்து கற்போலக் கிடக்கும் எனக் கொள்ளும் மதத்தைச் சித்தாந்தி உடன்படுவானல்லன். உடன்படாத மதத்தார் செய்த கருவிநூலை ஏன் மொழிபெயர்த்தார் என வினவுவார்க்கு விடை எளிது. துலாக்கோலைச் செய்த தச்சன் யாவனாயினும், நிறுக்கப்படும் பொன்னின் மாற்று அதனால் வேறுபடாது. முடிவில் மாறுபடுவாரும் அளக்கும் கோலில் ஒன்றுபட்டாலன்றி வாதம் என ஒன்று நிகழாது. இதனை உணர்ந்தமையின், முடிவை விலக்கியும் கோலைக் கைக்கொண்டும் நின்றார் முனிவர்.

அக்கோலின் இயல்பைச் சிறிது விரிப்பாம். பிறனுக்கு ஒன்றை அனுமானத்தால் உணர்த்தப் புகுவான் ஐந்து உறுப்புக்களான் உரைத்தல் வேண்டும். மலை தீயுடைத்து என்பது மேற்கோள். புகையுடைமையான் என்பது ஏது. யாது யாது புகையுடைத்து அது அது தீயுடைத்து, அடுக்களை போல என்பது எடுத்துக்காட்டு. இம்மலையும் அத்தகைய புகையுடைத்து என்பது உபநயம். ஆதலின் இது தீயுடைத்து என்பது நிகமனம். இவற்றுள் உயிர்நிலையாவது ஏதுவிற்கும் சாதிக்கப்படும் பொருட்கும் உள்ள நீங்காத் தொடர்பே. அதனை வியாத்தி என்ப. அடுக்களை என ஓரிடத்தைக் காட்டினமை மட்டும் போதாது. புகையுள்ளதாய்த் தீயில்லதாய் ஓரிடமும் இன்மை தெளியப்படல் வேண்டும். மடுவின்கண் தீயின்மையால் ஆண்டுப் புகையும் இன்மை காட்டப்படும். சொல்வன்மையுடையார் பலர் வழுக்குவது இவ்விடத்திலேயாம். அவர் அழகிய உவமையொன்றைக் கூறி அவையோர் தலையசைத்தலைக் கண்டு தம் கருத்து முடிந்ததெனக் கொள்வர். உவமை விளங்கவைக்கும், வியாத்தியே நாட்டும்.

ஏதுப்போல் தோன்றி ஏதுவாகாதவற்றைத் தருக்கசங்கிரகம் ஐந்தாக வகுக்கும். மலை தீயுடைத்து, அறியப்படும் பொருளாதலின் என்பது சவ்வியபிசாரம். அறியப்படுதல் தீயில்லாத மடுவிற்கும் உண்டாகலின் அவ்வேது நிலையின்றி இருபாலும் திரியும். ஒலி நித்தியம், செய்யப்படுதலின் என்பது விருத்தம். செய்யப்படுதல் அநித்தியத்தையே சாதித்து உரைத்தவனையே சுடும். ஒலி நித்தியம், கேட்கப்படுதலின் என ஒருவனும், ஒலி அநித்தியம், குடம்போலச் செய்யப்படுதலின் என மற்றொருவனும் கூறுமிடத்து முன்னையது சற்பிரதிபக்கம். எதிரேது நிற்க அதனை விலக்காது தன்னேதுவையே ஓதுதல் பயனிலதாம். வானத்தாமரை மணமுடைத்து, தாமரையாகலின் என்பது அசித்தம். ஏது நிற்றற்கு இடமே இல்லை. தீ வெம்மையில்லது, திரவியமாகலின் என்பது பாதிதம். கைவைத்துப் பார்த்தான் ஒருவன் அதனைக் காட்சியான் மறுப்பன்.

அசித்தத்துள் அடங்குவதாய், எளிதிற் புலனாகாத வழு ஒன்று உண்டு. மலை புகையுடைத்து, தீயுடைமையின் என ஒருவன் கூறின், கேட்பவன் முன்னைய அனுமானத்தோடு இதனை ஒன்றாகவே கருதிவிடுவன். பழுக்கக் காய்ந்த இரும்பின்கண் தீ உண்டு, புகை இல்லை. புகைக்குக் காரணம் தீ மட்டுமன்று, ஈரவிறகின் சேர்க்கையுமாம். சொல்லப்படாது மறைந்துநிற்கும் இந்நிபந்தனையை உபாதி என்ப. உலகத்து வழங்கும் தவறான முடிபுகளுள் மிகப்பல, ஈரவிறகைச் சொல்லாது விட்டு, தீயிருப்பதனாற் புகையிருக்கும் என்னும் வகையினவே என்க.

இவ்வாராய்ச்சி சைவத்திற்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியர் சித்தியார் அளவையியலில் பக்கப்போலி 4, ஏதுப்போலி 21, எடுத்துக்காட்டுப்போலி 18, தோல்வித்தானம் 22 என வழுக்களை 65 ஆக எண்ணிக் காட்டினர். அதற்கும் முன்னரே மெய்கண்டதேவர், சிவஞானபோதப் பன்னிரு சூத்திரங்களையும் முப்பத்தொன்பது அதிகரணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையால் நிறுவினர். நம்புக என்னாது, இதனான் என ஏதுக் காட்டிய ஆசிரியர் அவர். ஆகவே தருக்கம் அன்புநெறிக்குப் பகை என்பார் தம் சந்தானாசாரியரையே மறந்தவராவர்.

ஈண்டு அடியேன் இளமையில் நிகழ்ந்தது ஒன்று நினைவிற்கு வருகின்றது. தருக்கசங்கிரகத்தைப் பாடங்கேட்ட நாளில், உடன்பயின்றார் ஒருவரை ஆசிரியர் முன்னிலையில் வாதித்து மடக்கினேன். ஆசிரியர் புன்முறுவல் செய்து, இனி அவர் பக்கத்தை நீ எடுத்துக்கொண்டு உன்னையே மறுத்துக் காட்டுக எனப் பணித்தார். ஒரு சொல்லும் எழாது நின்றேன். எதிரி கூறக்கூடியதன் முழுவலிமையையும் அறியாதவன் வென்றவனல்லன், எதிரி தளர்ந்திருந்த நேரத்திற் பேசியவனே எனக் கூறி, அன்றைப் பாடத்தை அவ்வளவில் நிறுத்தினார். சிவஞான முனிவர் நூல்களைப் பின்னர்ப் பயிலுந்தோறும் அவ்வுரையின் பொருள் எனக்கு விரிந்துகொண்டே வந்தது.

முனிவர் காஞ்சியில் வதிந்த காலத்துக் காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தை இயற்றியருளினார். அதனை அரங்கேற்றிய ஞான்று நிகழ்ந்ததாகக் கன்னபரம்பரையில் வழங்கும் செய்தி ஒன்று உண்டு. நூலின் கடவுள் வாழ்த்தில் தில்லைக் கூத்தப்பெருமானை முதற்கண் துதித்திருத்தலைக் கண்ட அவ்வூரார் சிலர், காஞ்சிக்குரிய புராணத்தில் திருவேகம்பமுடையாரை முன்வைத்தலன்றோ முறை எனத் தடை நிகழ்த்தினர். முனிவர் உடனே விடை கூறாது, ஏகம்பப்பெருமான்மேல் உள்ள தேவாரப் பதிகம் ஒன்றை ஓதுவிக்குமாறு அவர்களையே வேண்டினார். ஓதுவார் வழக்கப்படி திருச்சிற்றம்பலம் எனத் தொடங்கினர். ஏகம்பத்தைப் பாடப் புகுந்தார் சிற்றம்பலத்தை முன்கூறியது என்னை என முனிவர் வினவத், தடை நிகழ்த்தியோர் தம் விடையைத் தம் செவியாலேயே கேட்டு அமைந்தனர் என்ப.

இதனை வெறும் சாதுரியம் எனக் கடந்துவிடலாகாது. நீயும் அவ்வாறே செய்கின்றாய் எனத் திருப்பியடித்தல் ஒன்று. நீ உடன்பட்ட வழக்கே உன் விதியை மறுக்கின்றது எனக் காட்டுதல் மற்றொன்று. முன்னையது வழு, கள்வன் ஒருவன் மற்றொருவனைக் கள்வன் என்றதனாற் களவு அறமாகிவிடாது. பின்னையது நெறி. தடை நிகழ்த்தியோர் மனத்திற்கொண்ட விதியாவது, எத்தலத்தைப் பாடினும் அத்தலத்து இறைவனையே முதலிற் கூறல் வேண்டும் என்பது. எல்லாத் தலத்துப் பதிகத்தையும் திருச்சிற்றம்பலம் என்றே தொடங்கும் சான்றோர் வழக்கு அவ்விதிக்குப் பொருந்தாமை காட்டப்பட்டமையின், விதி அளவிற் பரந்ததென்பது பெறப்பட்டது. எடுத்துக்காட்டு இருபாலார்க்கும் உடன்பாடாதல் வேண்டும் என்னும் அளவைநூல் விதியை, அவையிற் செயலாற் காட்டினார் முனிவர். வேதமும் ஆகமமும் அவர்பால் நிறைந்திருந்தன. எனினும் எதிரிக்கு மிக அணித்தாயதனையே எடுத்தார்.

கம்பராமாயண முதற்செய்யுட்குச் சங்கோத்தர விருத்தி என ஒன்று முனிவர் செய்தனர். சங்கை என்பது ஐயம் எழுப்பித் தடுத்தல். உத்தரம் என்பது அதற்கு விடை. ஒரு செய்யுளின்மேல் நிகழத்தக்க தடைகளைக் கூரிதாக எழுப்பி, அத்தடைகளை நீக்கிச் செய்யுளைக் காத்தலும் ஒருவரே செய்யும் நூல் அது. பிறர் நூலாயினும், பிறசமயத்தார் போற்றும் கடவுளைப் பொருளாகவுடைய காப்பியமாயினும், அதனைத் தாக்கும் வன்மையும் தாங்கும் வன்மையும் ஒருங்குடையராயினார் முனிவர். தாக்க மட்டும் அறிந்தவனைக் காட்டிலும், தாக்கியதைத் தாங்கவும் அறிந்தவனே பொருளை முழுதும் கண்டவனாவான். சங்கையோடு நிறுத்தியிருப்பின் அஃது அவர்தம் கல்விக்கு விளம்பரமாய் முடிந்திருக்கும்; உத்தரமும் செய்தமையின் கற்பார்க்குப் பயனாய் நின்றது.

அறக்கருத்தை உணர்த்துமிடத்தும் அளவைநெறி அவரை விட்டு நீங்கிற்றில்லை. சோமேசர் முதுமொழி வெண்பாவில், திருக்குறளின் ஒவ்வோர் அதிகாரத்தினின்றும் ஒரு குறளை எடுத்துப் பின்னிரண்டடியாக வைத்து, அதற்கு இயைந்த வரலாறு ஒன்றை முன்னிரண்டடியில் அமைத்தனர். குறள் மேற்கோளாக, வரலாறு எடுத்துக்காட்டாக நிற்கும் அமைப்பு அது. எடுத்துக்காட்டின் வலியும் எல்லையும் உணர்ந்தவர்க்கே அத்துணைச் சுருக்கத்திற் பொருந்தியது ஒன்றைத் தேர்தல் இயலும்.

இனி, முனிவர்தம் கண்டனங்களை நோக்குவாம். திருவாரூர் வைத்தியநாத தேசிகர் பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய இலக்கண விளக்கத்தின்மேல், இலக்கண விளக்கச் சூறாவளி என ஒரு கண்டனம் எழுதினர். பெயருக்கேற்ப அதன் நடை வன்மையுடைத்து. சில இடங்களிற் குற்றத்தை எடுத்துக்காட்டுதலோடு அமையாது, நூலாசிரியரை இகழும் சொற்களும் விரவியிருத்தலை நடுநின்று கற்பார் மறுத்தலியலாது. முனிவர்மாட்டு நாம் வைத்த பத்தி, இதனை மறைக்குமாறு நம்மைத் தூண்டுதல் கூடாது. சொல்லின் வெம்மை ஏதுவின் வலியைக் கூட்டாது. வலிய ஏதுவிற்கு அது வேண்டுவதுமன்று. வைத்தியநாத தேசிகர் முற்காலத்தவராகலின் தாமே விடை கூறும் நிலையிலர். விடைகூற இயலாதாரை மறுப்பவன், அவர்க்காகவும் தானே நின்று பேசுங் கடப்பாடுடையான் என்பது வாதநெறி. இக்கடப்பாட்டைப் பிற்காலத்தார் ஒருவர் ஏற்றுக்கொண்டனர். 1889-இல் இலக்கண விளக்கத்தைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையவர்கள் தம் பதிப்புரையில், சூறாவளியின் கூற்றுக்களிற் சிலவற்றிற்கு மறுப்பு எழுதினர்.

தொல்காப்பியப் பாயிரத்திற்கும் முதற்சூத்திரத்திற்கும் முனிவர் இயற்றிய விருத்தியிலும் பழைய உரையாசிரியர் கொள்கைகள் ஆராயப்பட்டு மறுக்கப்பட்டன. அவ்விருத்தியையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழவந்தான் அரசஞ்சண்முகனார் தம் பாயிர விருத்தியில் எதிர்த்து ஆராய்ந்தனர். இவை முனிவர்தம் புகழிற்கு இழுக்காவன அல்ல. ஏதுக் காட்டி எழுதிய நூலே ஏதுக் காட்டி மறுக்கப்படும் தகுதியுடைத்து. யான் கூறியது கொள்க எனும் அளவில் நிற்கும் நூலை மறுப்பாரும் இலர், நூற்றாண்டு கடந்து படிப்பாரும் இலர்.

நன்னூல்வழி முனிவர் நடந்த முறை வேறாம். சங்கரநமச்சிவாயர் செய்த நன்னூல் விருத்தியைத் திருத்தியும் கூட்டியும் செப்பஞ் செய்தனர். குறையுள்ளதெனக் கண்ட நூல் யாவற்றையும் சூறாவளிக்கு இரையாக்கினாரல்லர். திருத்தினால் நிற்பதனைத் திருத்தி நிறுத்தினர். மறுக்கத்தக்கது யாது, திருத்தத்தக்கது யாது எனத் தெரிதலும் வாதநெறியின் ஒரு கூறே.

கண்டனங்களுள் சைவமடங்கட்கு மிக அணுக்கமாவது சிவசமவாதவுரை மறுப்பு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்த ஞானப்பிரகாச முனிவர் பதினேழாம் நூற்றாண்டிற் சித்தியாருக்கு உரையியற்றினர். வடமொழிக் கலைகளிற் பெரும் புலமையுடையார் அவர். மலம் நீங்கிய உயிர் சிவத்தோடு ஒப்பாம் என்னும் சிவசமவாதக் கொள்கையை அவ்வுரை தழுவிச் சென்றது. சிவசமவாதம் புறச்சமயமன்று, முனிவர்தம் பகுப்பின்படி அகச்சமயம் ஆறனுள் ஒன்று. அடுத்த வீட்டாரோடு நிகழ்த்தும் வாதமே எல்லாவற்றினும் அரிது. உலகாயதனை மறுத்தல் எளிது. அவன் கூற்றிற் பெரும்பாலன நாம் உடன்படாதன. ஆகமமும் ஒன்றே, ஆசாரமும் ஒன்றே, சொல்வழக்கும் ஒன்றே எனவாய ஒருவரோடு மாறுபடுங்கால், எவ்விடத்தில் நெறி பிரிகின்றது என நூலிழையளவு நுனித்துக் காட்டல் வேண்டும்.

அப்பிரிவை மேற்கூறிய அளவைமுறையால் ஒருவாறு விளக்குவாம். உயிர் வீட்டின்கண் சிவத்தோடு எல்லாவாற்றானும் ஒப்பாம் என்பது மேற்கோள். அறிவுதொழில்களை மறைத்த மலம் நீங்கினமையான் என்பது ஏது. இவ்வேது கேட்டவளவில் நிரம்பியதுபோலத் தோன்றும். தடை நீங்கின் இயல்பு விளங்கும் என்பதனை யார் மறுப்பர்? ஆயினும் கண்ணை நோக்குக. படலம் உரிக்கப்பட்ட கண் காணும் தகுதி பெறுமன்றித் தானே ஞாயிறாகாது. படலம் நீங்கிய பின்னும் ஞாயிற்றின் ஒளியோடு கூடியே காணும். தடை நீங்குதல் வேறு, பிறிதொன்றன் உதவி வேண்டாமை வேறு. முன்னையதிருந்தும் பின்னையது இல்லாத இடம் ஒன்று காட்டப்பட்டமையின் ஏது நிலைதிரிந்தது. தடை நீங்கினமையோடு, தானே அறியும் இயல்பும் உண்டாயினன்றி ஒப்புமை பெறப்படாது. சொல்லாது விட்ட அவ்வியல்பே ஈண்டு உபாதியாம். சார்ந்ததன் வண்ணமாய் நின்று, அறிவிக்க அறிவதே உயிரினியல்பு என்பது சித்தாந்தமாகலின், வீட்டினும் உயிர் சிவத்தின் திருவருளிற் பொருந்தி இன்பம் நுகரும். ஐந்தொழிற்குத் தலைமை பூணாது. இவ்வொரு முடிபு பிறழின் அடிமைத்திறமும் வழிபாடும் வீட்டிற்கு இப்பாலே முடிந்துபோம். ஆதலின் இது சொற்போராகாது. சைவவாழ்வின் ஆணிவேரைப் பற்றிய வாதமாம்.

அம்மறுப்பைத் தொடர்ந்து, எடுத்து என்னும் ஒரு சொல்லைப் பற்றி மீண்டும் வாதம் நிகழ்ந்தது. அச்சொற்குத் தாம் கொண்ட பொருளைக் காத்தற்பொருட்டு முனிவர் செய்த சிறுநூலின் பெயர், எடுத்து என்னுஞ் சொல்லுக்கிட்ட வைரக்குப்பாயம் என்பது. குப்பாயம் சட்டையாம். ஒரு சொல்லிற்கு வைரத்தாற் சட்டையிடுவார் உளரோ எனச் சிலர் நகுதல் கூடும். ஒரு சொல்லின் முடிபு பிறழின் வாக்கியப் பொருள் பிறழும். வாக்கியப் பொருள் பிறழின் கொள்கை பிறழும். கொள்கை பிறழின் ஒழுக்கம் பிறழும். மாளிகை சாய்வது முதலிற் புலனாவது சுவரின் மயிர்ப்பிளவிலேயாம் என்பதனை உணர்ந்தார் நகார்.

கண்டன நூல்கள் யாவும் கிளைகளாக, அடிமரமாய் நிற்பது சிவஞானபோத மாபாடியம். சிற்றுரையிற் சுருங்கவுரைத்ததனை மாபாடியத்தில் முனிவர் விரித்தருளினார். அதன்கண் அவர் மேற்கொண்ட முறை, வாதம் பயில விழைவார் யாவரும் கண்டு கைக்கொள்ளத்தக்கது. முதற்கண் எதிரியின் கொள்கையை, எதிரியே வந்து உரைப்பினும் அதனின் மிக்குரைக்கலாகாத வகையில் எடுத்து நிறுத்துவர். அடுத்து, அதனுள் தாம் உடன்படும் பகுதி இதுவென வரையறுப்பர். பின்னர், ஏது வழுவும் இடத்தை மட்டும் சுட்டி, அஃது எவ்வகைப் போலி எனக் காட்டுவர். அதன்பின் தம் கொள்கையை நாட்டி, அதன்மேல் எழக்கூடிய தடையையும் தாமே எழுப்பி நீக்குவர். அற்றேல், அற்றன்று என்னும் சொற்கள் அவ்வுரையில் அடுத்தடுத்து வருதல் இக்காரணத்தினாலேயாம். அற்றேல் என்பது எதிரிக்கு இடும் ஆசனம். அற்றன்று என்பது ஆசனமிட்ட பின்னரே கூறும் விடை.

மூன்றாம் சூத்திரத்தில் உயிருண்மை நாட்டும் முறையை ஒன்று எடுத்துக்கொள்வாம். உயிர் என ஒன்று இல்லை என்பான், உடம்பும் அன்று, பொறிகளும் அன்று, பிறிதும் அன்று என ஒவ்வொன்றாகக் கழித்துச் சென்று, எஞ்சியது யாதுமின்று என்பன். அவ்வாறு ஒவ்வொன்றையும் அறிந்து அறிந்து இல்லை எனக் கழிக்கும் அறிவு ஒன்று நிற்றலை அவன் நோக்கிற்றிலன். இல்லை என்றதனானே உளது என்பது பெறப்படும். என் தாய் மலடி என்பான் கூற்றை மறுக்கப் பிறர் வேண்டுவதில்லை. கூறியவன் இருத்தலே மறுப்பாம். இத்தகைய இடத்தில் எதிரியின் வாயிலிருந்தே சித்தாந்தம் பிறக்கின்றது. காஞ்சி அவையில் ஓதுவாரின் வாயிலிருந்து விடை பிறந்த வரலாற்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

மாபாடியம் நெடுங்காலம் திருமடத்தின்கண் ஏட்டுச்சுவடியாய்ப் போற்றப்பட்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டிலேதான் அச்சேறிச் சைவவுலகிற்கு முழுதும் கிடைப்பதாயிற்று.

முனிவர் வெற்றியை விரும்பிய வாதியரோ என ஐயுறுவார்க்கு ஒருசார் விடை கூறி முடிப்பாம். அளவைநூலார் கதையை வாதம், செற்பம், விதண்டை என மூன்றென்ப. உண்மை அறியும் விருப்பால் இருவர் நிகழ்த்துவது வாதம். இருவரும் தத்தம் பக்கத்தை நாட்டி வெல்லுதலையே கருதுவது செற்பம். தனக்கென ஒரு பக்கமுமின்றிப் பிறர் பக்கத்தைக் குலைத்தலையே தொழிலாகக் கொள்வது விதண்டை. சூறாவளியின் சில பக்கங்களிற் செற்பத்தின் சாயல் படிந்திருத்தல் கூடும். எனினும் விதண்டை முனிவர்பால் ஓரிடத்தும் இல்லை. மறுத்தவிடமெல்லாம் தம் பக்கத்தை ஏதுவோடு நாட்டி, அதனை மறுப்பார்க்கும் இடந்தந்தே நின்றார். அவர்தம் வாழ்வின் பெரும்பயனாய் முடிந்த மாபாடியமோ முற்றும் வாதநெறியே. இளையோர் சூறாவளியின் சினத்தை எடுத்துக்கொண்டு மாபாடியத்தின் பொறையை விட்டுவிடுவாராயின், அவர் முனிவரைப் பின்பற்றினாரல்லர்.

முனிவர்பால் மாணவர் பன்னிருவர் பயின்றனர் என்ப. அவருள் தலைநின்றார், தணிகைப் புராணமும் காஞ்சிப் புராணத்து இரண்டாங்காண்டமும் பாடிய கச்சியப்ப முனிவர். தொட்டிக்கலைச் சுப்பிரமணிய முனிவரும் அம்மாணவருள் ஒருவர். நூல்கள் பல செய்தமைக்கு நிகராக, நூல் செய்ய வல்லாரையும் உருவாக்கினர். 1785-ஆம் ஆண்டுக்கு நேரான விசுவாவசு வருடம் சித்திரைத் திங்கள் ஆயிலிய நாளில் முனிவர் சிவபரிபூரணமுற்றனர்.

அவர்தம் குருபூசை நாளில் திருமடங்களிலும் சைவசபைகளிலும் அவரைப் போற்றும் நாம், மறுக்கப் புகுமுன் மறுக்கப்படுவது இன்னது என நிறையக் கூறியதுண்டோ, நம் ஏதுவையும் அதே கோலால் நிறுத்தோமோ, சொல்லாதுவிட்ட ஈரவிறகு ஒன்று நம் கூற்றில் மறைந்துகிடவாதோ என ஒருமுறை நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் அவர்க்குச் செய்யும் வழிபாடாம். அவ்வினாக்கட்கு அஞ்சாத கொள்கை எவரெதிரினும் அஞ்சாது நிற்கும். மாதவச் சிவஞான முனிவர் திருவடி வாழ்க.